கதவு நம்பிய முழங்கால்

செவ்வாயின் ஏழாம் குடியிருப்பில், முழங்கால் சம்மதித்தால்தான் வாசல் கதவு திறக்கும். வெளியே கிளம்புகிறவர் பெயரைச் சொல்லிவிட்டு, நிலையில் பதித்திருக்கும் முட்டிமானியில் காலை ஒட்டி நிற்கவேண்டும்.

அன்று கபடி இறுதியாட்டம். பொற்கொடி பாடிவருகிறாள் என்றாலே எதிரணி தானாகப் பின்வாங்கும். ஆனால் போன வாரப் பயிற்சியில் பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பி, முழங்காலுக்குள் முன்நார் அறுந்துவிட்டது. கதவு அசைந்து கொடுக்கவில்லை.

“தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடிப்பது அந்த நார்தான். அது இல்லாமல் ஆடினால் எலும்பு வழுக்கும். நடுவில் மெத்தையாக இருக்கும் பிறைக்குருத்து நசுங்கிக் கிழியும். தள்ளிப்போடத் தள்ளிப்போட ஆபத்து கூடும். மருத்துவமனைக்கென்றால் இப்போதே திறக்கிறேன்,” என்றது கதவு.

“நாளைக்குப் போறேன். இன்னிக்கு ஒரே ஒரு ஆட்டம்.”

“எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.”

பொற்கொடிக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தக் கோப்பைக்காகத்தான் இத்தனை வருடம் உருண்டு புரண்டிருக்கிறாள். கணவன் துரைசிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. கணக்காயரான அவன் ஓடி யாரும் பார்த்ததில்லை. அதனால் அவன் முழங்கால்கள் புத்தம் புதிதாக இருந்தன.

“பேரை நீ சொல்லு. காலை நான் வைக்கிறேன்,” என்றான்.

கதவுக்குக் கண் கிடையாது. “அதற்குள் குணமாகிவிட்டதா? மகிழ்ச்சி,” என்று திறந்துகொண்டது.

மைதானத்தில் நடுவர் எந்திரம் யார் முகத்தையும் பார்க்காமல் முழங்கால்களை மட்டும் துழாவிக்கொண்டு வந்தது. பொற்கொடியைத் தாண்டிப் போய், பார்வையாளர் வரிசையில் துரைசிங்கத்தின் முன் நின்றது.

“வீராங்கனை பொற்கொடி, களத்துக்கு வரவும்.”

“நான் கணக்கு எழுதுறவனுங்க,” என்றான் அவன்.

“இன்று காலை பொற்கொடி என்று பதிவான முழங்கால் இது. பதிவு தவறாது.”

உண்மையைச் சொன்னால் அணியையே நீக்கிவிடுவார்கள். பொற்கொடி தலையைக் குனிந்தபடி அவனை முதுகில் கைவைத்துத் தள்ளினாள். “போங்க. பாடிக்கிட்டே ஓடுங்க, மூச்சை மட்டும் விட்டுடாதீங்க.”

துரைசிங்கம் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு நிமிர்ந்தான். எதிரே யாரோ ஒருவருடைய மாமியார், ஒரு நூலகர், தொப்பையுள்ள சமையல்காரர் என்று ஏழு பேர் திருதிருவென விழித்துக்கொண்டு நின்றார்கள். தன் பக்கம் திரும்பினான். அங்கும் அதே கதைதான். பெயர்பெற்ற வீரர்கள் அத்தனை பேரும் ஓரத்துப் பலகையில் முட்டியைத் தடவிக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒலிபெருக்கியில் எந்திரத்தின் குரல் பெருமிதத்தில் தழுதழுத்தது. “செவ்வாய்க் கபடி வரலாற்றில், ஒரு முழங்கால்கூடப் பழுதில்லாத முதல் இறுதியாட்டம் இது.”

முதல் கைதட்டல் அந்தப் பலகையிலிருந்துதான் எழுந்தது.