பத்து எண்ணும் வரை

மழையில் தொப்பலாக நனைந்து ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் பாய்ந்தவள், பொத்தான்களுக்கு அருகில் நின்ற பெண்ணிடம், "மூணாவது மாடி" என்றாள். அந்தப் பெண் அசையவில்லை. பொறுமை போய் அவளே கை நீட்டினாள்... குறுக்கே ஓர் ஆணின் கை வந்தது.

"பத்து எண்ணுங்க."

என்ன திமிர் இவனுக்கு என்று நிமிர்ந்து முறைத்தாள். எதிரே இரண்டு கண்கள்... மழை விட்ட வானம் மாதிரித் தெளிவாக. முறைக்க வந்தது பாதியிலேயே மறந்துபோனது. ஒன்பதாவது நொடியில் அந்தப் பெண் மூன்றை அழுத்திவிட்டுப் பெருமையாகச் சிரித்தாள்.

"என் தங்கச்சி. கேள்வி உள்ளே போய் பதில் வெளியே வர கொஞ்சம் நேரமாகும்."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. மூன்றாவது மாடியில் மூளை அலைகளைப் பதிவு செய்வதே அவள் வேலை. அன்றைக்கு முதல் பதிவே இந்தத் தங்கைக்குத்தான்!

தங்கைக்கு வயது இருபது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சிக் குறைபாடு. எண்ணினால் ஆறோடு நின்றுவிடுவாள். இடையிடையே சின்ன வலிப்பு வந்து கவனத்தைப் பறிப்பதை அலைகள் காட்டிக்கொடுத்தன. டாக்டர் மாத்திரை எழுதினார், பயிற்சிக்கும் அனுப்பினார். மூளைக்குள் பாதை நடக்க நடக்கத்தான் அகலமாகும் என்று அண்ணனுக்கு இவள் தைரியம் சொன்னாள்.

அப்புறம் எட்டு மாதம், ஏதாவது சாக்கு சொல்லிப் பயிற்சி அறை வாசலில் வந்து நின்றாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவன், அவள் கண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம், பொறுமைதான் வேண்டும் என்று சீண்டுவான். கொஞ்சம் நெருங்கினாலோ விலகிவிடுவான். தங்கையைப் பார்த்து இரக்கப்பட்டு வந்த இரண்டு சம்பந்தம் பாதியிலேயே கழன்றிருந்தது. இவளும் இரக்கப்படுகிறாளோ என்று அவனுக்குச் சந்தேகம்.

இன்றைக்கும் மழை. அதே லிஃப்ட், அதே மூன்று பேர். இதற்குமேல் அவளால் முடியவில்லை.

"இரக்கமெல்லாம் இல்லை. உங்களைப் பிடிச்சிருக்கு. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

அவன் வாயடைத்து நின்றான். ஒரு நொடி... இரண்டு நொடி... அவமானத்தில் காது சிவக்க, இறங்கிவிடலாம் என்று பொத்தானுக்குக் கை நீட்டினாள். அந்தக் கையைத் தங்கை பிடித்துக்கொண்டாள்.

"பத்து... எண்ணுங்க."

சொன்னதோடு விடவில்லை. விரல் மடக்கித் தானே எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு... அஞ்சு, ஆறு... நின்றது. மற்ற இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"...ஏழு."

எட்டு, ஒன்பது, பத்து! தங்கை விரல்களைத் தூக்கிக் காட்டினாள். அண்ணன் கண்ணைத் துடைத்தபடி இவள் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணு சொன்னப்பவே சரின்னு சொல்லியிருப்பேன்... இவ ஏழு சொல்றதைக் கேட்கத்தான் பேசாம இருந்தேன்."