மரணக் காசு

ஒன்றுமே எழுதாத வெறும் கட்டத்தைக் கம்ப்யூட்டர் ஒரு ஆளாக எண்ணி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அஜந்தன் பார்த்தான். தெஹியோவிட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆபீசில், 2006 நவம்பரில், சம்பளத்துக்கு முந்திய நாள் சாயங்காலம். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவனை, அவிசாவளையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்ததற்காக ஆபீசுக்கு எடுத்திருந்தார்கள். சம்பளப் பட்டியலில் அவன் பேர் இன்னும் தொழிலாளர்களோடுதான் இருந்தது.

பெரிய கிளாக்கர் ஸம்சுதீன் குடையோடு வாசலில் நின்றார். திரையில் மரணக் காசுப் பத்தி முழுக்கப் பிழை காட்டியது. நூற்றெண்பத்தேழு பேருக்கும்.

"நான் ஒண்ணும் செய்யல்ல தம்பி. இருபதுக்கு முன்னால ஆர்எஸ் போட்டேன், அவ்வளவுதான்."

"அதுதாங்கய்யா. எழுத்து போட்டா அது கம்ப்யூட்டருக்கு நம்பர் இல்ல. பாருங்க, மத்த நம்பரெல்லாம் வலது பக்கம் நிக்குது, இது மட்டும் இடது பக்கம் ஒதுங்கிருச்சு."

"ஆர்எஸ் போடாட்டி அது இருபது ரூபாயா, இருபது தேங்காயான்னு எப்படித் தெரியும்?" என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். "ஒம் பொஞ்சாதி விஜயகலாவுக்கு எப்படி?"

"காச்சல் விடலைங்கய்யா. மூணு நாளாச்சு. நாளைக்கும் விடலைன்னா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னாரு டிஸ்பென்சரிக்காரரு."

"அப்ப வெரசா முடிச்சிட்டு ஓடு. காலைல தோட்டத்துத் தொரை பட்டியல்ல கையெழுத்து வைக்கணும்."

அவர் போனார். மழை விடவில்லை.

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் ஆளுக்கு இருபது ரூபாய் சம்பளத்தில் பிடிப்பார்கள். பெட்டிக்கும் தேத்தண்ணிக்கும் அது. சாவு விழுந்த வீட்டில் அந்தக் காசைப் பிடிக்க மாட்டார்கள். இந்த மாதம் ஒரே சாவு. நாலு நாள் இருந்த பிள்ளை. பேர் வைக்கவில்லை. மரணப் பட்டியலில் 'குழந்தை' என்றும், பக்கத்தில் தன் வீட்டு நம்பரையும் அஜந்தனே அடித்திருந்தான்.

மத்தியானம் அவன் புறப்படும்போது விஜயகலா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பால் கட்டி மார்பு கல்லாகியிருந்தது. "வெள்ளனயே வாங்க," என்று மட்டும் சொன்னாள். தலையாட்டினான். அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது மூச்சு வந்தது. அதற்காக வழியெல்லாம் வெட்கப்பட்டான்.

எழுத்தை எடுத்துவிட்டு வெறும் இருபதை அடித்தான். ரூபாய் என்று காட்டுவதற்குக் கட்டத்தின் அமைப்பை மாற்றினான். பிழை போய்ப் பத்தி நிரம்பியது.

திரையில் தெரிந்த எல்லாருக்கும் நாற்பது.

புகைக்கூண்டிலிருந்து வந்த ரப்பர் வாடையும், ஈரக் காகித வாடையும், தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டிய சத்தமும், மேசைக்கடியில் பேட்டரிப் பெட்டியின் இரைச்சலும் ஒன்றோடொன்று கலந்து, யாரோ பின்னால் நின்று மெதுவாக மூச்சு விடுவதைப் போல அவனுக்குப் பட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. இருபது ரூபாயை எத்தனை சாவால் பெருக்குகிறது என்று பார்த்தான். இரண்டு என்றிருந்தது. மரணப் பட்டியலுக்குப் போனான். குழந்தை. அதற்குக் கீழே வெறும் கட்டம்.

அந்தக் கட்டத்துக்குள் போய்ப் பார்த்தான். ஒரு இடைவெளி மட்டும் விழுந்திருந்தது. இது தெரிந்த கோளாறுதான். இடைவெளிக் கட்டையில் கை பட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கம்ப்யூட்டர் மட்டும் ஏதோ இருக்கிறதென்று எண்ணிவிடும். அழித்தான். நாற்பதெல்லாம் இருபதாயிற்று. எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டான்.

கரண்ட் போனது. பேட்டரிப் பெட்டி பீப் பீப் என்று கத்தியது. திரை மட்டும் இருட்டில் நீலமாக நின்றது.

நாற்பது.

உட்கார்ந்தான். யார் வீட்டுச் சாவு என்று பத்தியைப் பார்த்தால் தெரிந்துவிடும். வேறொரு வீட்டில் விழுந்திருந்தால் அந்த வீட்டுக்கு ஒரு இருபது குறைந்திருக்கும். அவனுக்கும் பிள்ளைக்கான இருபது மட்டும் குறைந்து, மற்ற இருபதைப் பிடித்திருக்கும். மேலிருந்து ஒவ்வொரு பேராக இறங்கினான். அழகமுத்து நாற்பது. இருளப்பன் நாற்பது. ஜீவராணி நாற்பது. வெள்ளையம்மா நாற்பது. நூற்றெண்பத்தாறு பேருக்கும் நாற்பது.

அஜந்தன், பூச்சியம்.

இரண்டும் அவன் வீடு.

அந்த வீட்டில் மிச்சம் இரண்டு பேர். ஒருவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான்.

"கணக்குத் தப்பு," என்று சத்தமாகச் சொன்னான். அழித்தான். வந்தது. வரியையே நீக்கினான். வந்தது. இந்தத் தடவை பக்கத்தில் திகதி. இன்றைய திகதி. அவன் அடிக்கவில்லை.

அழித்தான்.

அழித்தான்.

இருபது. நின்றது. கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். இருபதாகவே இருந்தது. சேமித்தான். மணி எட்டு.

மழையில் ஓடினான். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லா வீட்டிலும் விளக்கு இருந்தது. அவன் வீட்டில் இல்லை.

"விஜயா?"

"இம்புட்டு நேரம் என்னாங்க பண்ணீங்க?" இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவன் ஈரச் சட்டையைக் கழற்றினான். "கணக்கு தப்பா வந்துச்சு. சரி பண்ணிட்டேன். விளக்கு ஏத்தலையா?"

"வேணாங்க. கண்ணு கூசுது."

தடவிக்கொண்டே போய் அவள் நெற்றியைத் தொட்டான். மூன்று நாள் நெருப்பாகக் கொதித்த நெற்றி குளிர்ந்திருந்தது.

"காச்சல் விட்டிருச்சு," என்றான். அழுகை வந்தது. "விட்டிருச்சு புள்ள."

பக்கத்தில் படுத்து, அவள் கையை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். குளிர்ந்த கை. நல்ல கை. பிள்ளைக்கு ஒரு பேர் வைத்துப் புதைத்த இடத்தில் எழுதிவைக்கலாம் என்று சொன்னான். சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னான். விடிய விடிய அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சூடு ஏறவே இல்லை. விரல்கள் மடங்கவும் இல்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு டிஸ்பென்சரிக்காரர் வந்து பார்த்தார். உயிர் போனது நேற்றுப் பொழுது சாய்வதற்கு முந்தி என்றார். ஏழரைக்குத் தொரை பட்டியலில் கையெழுத்து வைத்தார். பதினொரு மணிக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அஜந்தனைத் தவிர எல்லாருக்கும் நாற்பது ரூபாய் பிடித்திருந்தது.