விரலை இழுத்த குழாய்

குழாய் விரலை இழுத்தது.

ஜவ்தத் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்ரோல் டாங்கில் கிளம்பும் ஆவியை இன்ஜினுக்குக் கொண்டுபோகிற, சுண்டுவிரல் பருமனுள்ள ரப்பர் குழாய் அது. வழியில் ஒரு வால்வு. வால்வு சரியாக மூடாவிட்டால் இன்ஜின் வேண்டாத நேரத்திலும் ஆவியைக் குடித்துவிட்டு, நின்ற இடத்திலேயே குலுங்கும். குழாயைக் கழற்றி வால்வில் விரலை வைத்தால் இழுக்கும், கோளாறு பிடிபட்டுவிடும். ஆனால் இந்த வால்வு ஒழுங்காகவே மூடியிருந்தது. அவன் விரல் இருந்தது கழற்றிய குழாயின் முனையில், டாங்க் பக்கம். டாங்க் இழுக்காது. இருபத்தாறு வருடத்தில் எந்த டாங்கும் இழுத்ததில்லை.

பிறகு குழாய் மூச்சு விட்டது. வெதுவெதுப்பாக. அதில் பெட்ரோல் நாற்றம் இல்லை. சேற்று நாற்றம்.

கால் மணி நேரத்துக்கு முன்புதான் தம்பி ஹிஷாம் காரைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பியிருந்தான். பின்சீட்டில் அவன் ஐந்து வயது மகள் லமீஸ். ஹீட்டருக்காக இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அவள எழுப்பிடாத. இந்த வண்டில ஏறுனாத்தான் மூச்சிரைப்பு இல்லாமத் தூங்குறா. நீ வாங்கிக் குடுத்த புண்ணியம்."

"போடா, நேரமாச்சு."

"நீயும் வாயேன்."

"முட்டி வலி."

"போன வாரம் இடுப்பு. அடுத்த வாரம் கழுத்தா?"

முட்டி நன்றாகத்தான் இருந்தது. குலுக்கல் தீராமல் இந்தக் கார் வேறு மெக்கானிக் கைக்குப் போய்விடக்கூடாது, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டிய கார் என்று சொல்லித்தான் தம்பியிடம் தள்ளியிருந்தான். அம்மான் நகரில் ஓடும் பழைய கார்களில் பாதி அந்த டீச்சருடையவைதான். உண்மையில் இது வெள்ளத்தில் மூழ்கிய கார். சர்க்கா ஊர் கார் ஏலத்தில் எடுத்து, சேற்றைக் கழுவி, சீட்டுகளை உலர்த்தி, கூரைத் துணியை மட்டும் மாற்றியிருந்தான். பழைய துணியின் உட்புறம் முழுக்க நகக் கீறல்கள். சின்னச் சின்ன விரல்கள். நாய் என்று முடிவு செய்துகொண்டான். ஐந்து விரல் நாய்.

பயாதிர் தொழிற்பேட்டை அடங்கிக் கிடந்தது. எல்லா ஷட்டரும் இறங்கியிருந்தன. தூரத்து ஒலிபெருக்கியில் பிரசங்கம் காற்றோடு வந்து காற்றோடு போயிற்று. திறந்த பானெட்டுக்குள் இன்ஜின் குளிர்காய்ச்சல் வந்தவன் போல நடுங்கிக்கொண்டே இருக்க, கையிலிருந்த குழாய் இழுத்தது, விட்டது, இழுத்தது, ஒவ்வொரு தடவையும் முன்பைவிடக் கொஞ்சம் நிதானமாக, பழகிய ஆளிடம் பழகுவது போல.

பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் லமீஸின் மார்பு.

குழாய் இழுத்தது. மார்பு தாழ்ந்தது.

குழாய் விட்டது. மார்பு எழுந்தது. ஆனால் இறங்கிய அளவுக்கு எழவில்லை.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். கதவு மறுப்பே சொல்லாமல் திறந்தது. பிள்ளையை அள்ளித் தூக்கினான். சீட்டைவிட்டு முதுகு எழும்பியதும் மூச்சு நின்றது. குலுக்கினான். கன்னத்தில் தட்டினான். உதடு நீலம். சீட்டில் கிடத்தினான். மூச்சு வந்தது. நூல் போல.

இப்போது அவனுக்கு யார் வேண்டுமானாலும் வந்தால் போதும் என்றிருந்தது. தம்பியே வரட்டும். மூழ்கிய காருடா, பொய் சொன்னேன்டா, தூக்கு பிள்ளையை என்று கத்தினான். தெரு கேட்டுக்கொண்டது.

பானெட்டுக்குத் திரும்பி ஓடிக் குழாயை விரலால் அடைத்தான். இன்ஜின் திணறியது. உள்ளே மார்பு அசையவில்லை. விரலை எடுத்தான்.

வால்வைச் சோதிக்க வாயால் ஊதிப் பார்ப்பது பட்டறைப் பழக்கம். குழாயை வாயில் வைத்து ஊதினான்.

குலுக்கல் நின்றது.

எட்டிப் பார்த்தான். லமீஸின் உதட்டில் சிவப்பு ஏறியிருந்தது. வாயை எடுத்தான். குலுங்கியது. நீலம். மறுபடி ஊதினான். இன்னொரு தடவை. சேறு நாக்கில் கரித்தது. பத்தாவது மூச்சுக்குப் பிறகு அவன் ஊதவேண்டிய தேவை இருக்கவில்லை. அதுவே எடுத்துக்கொண்டது.

"அடேயப்பா!" தொழுகை முடிந்து, கையில் சூடான ரொட்டியோடு ஹிஷாம் வந்தான். "சத்தமே இல்லையே! என்னண்ணே கோளாறு?"

ஜவ்தத் எல்லாவற்றையும் சொல்லத் தயாராக இருந்தான். உதடு ரப்பரைவிட்டு வரவில்லை.

"கண்ண ஏன் இப்படி உருட்டுற? சரி, ஊது ஊது. தொந்தரவு பண்ணல."

ஹிஷாம் திறந்து கிடந்த கதவு வழியே குனிந்து மகளின் நெற்றியைத் தடவினான். "எப்படித் தூங்குறா பாரு." பிறகு சாவியைத் திருப்பி, உருவி எடுத்தான்.

இன்ஜின் ஓடியது. சீராக.

ஹிஷாம் சாவியைப் பார்த்தான். இன்ஜினைப் பார்த்தான். "அண்ணே?"

பின்சீட்டில் பிள்ளையின் மார்பு ஏறியது. பானெட்டுக்கு அடியில் ஜவ்தத்தின் கன்னங்கள் பல்லோடு ஒட்டின.

மார்பு இறங்கியது.

மறுபடி ஏறியது.