திங்கள், புதன், சனியில் வராத எச்சரிக்கை

“ஐயா, என்ரை வெப்சைற்றை ஆரோ கழுத்தை நெரிக்கினம். அது ஜெகதீசோ இல்லையோ எண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் எனக்குத் தெரியோணும்.”

ஸ்கூட்டரை நிறுத்திய வேகத்திலேயே ஜெனீற்றா விடயத்துக்கு வந்துவிட்டாள்.

ஆழ்வாப்பிள்ளை பத்திரிகையை மடித்து வைத்தார். புளியங்கூடலில் அவரைத் தேடி வருகிறவர்கள் வழக்கமாக வெளிநாட்டு மாப்பிள்ளைமாரைப் பற்றி விசாரிக்கச் சொல்லித்தான் வருவார்கள். கனடாக்காரனுக்கு அங்கே ஏற்கெனவே பெண்சாதி இருக்கிறாளா என்பதை நாலு தொலைபேசி அழைப்பில் கண்டுபிடித்துவிடுவார். வெப்சைற் அவருக்குப் புது விடயம். ஆனால் பக்கத்தில் இருந்த அக்கா மகள் கஜாலினி பாடசாலையில் கணினி படிப்பிக்கிறவள். அவளுடைய கண்கள் அதற்குள் பளபளக்கத் தொடங்கியிருந்தன.

“இரும் பிள்ளை. ஜெகதீஸ் ஆர்?”

“நான் கலியாணம் முடிக்கப் போறவர். கோயிலிலை ரெண்டு கலியாண ஓலை வாசிச்சாச்சு. வாற ஞாயிறு மூண்டாம் ஓலை. அதுக்குப் பிறகு ஒருதரும் தடை சொல்லேலாது.”

“அப்ப இதுவும் மாப்பிள்ளை விசாரணைதான். சொல்லும்.”

அவள் சொன்னாள். ஊர்காவற்றுறையில் தொலைபேசி, இன்ரநெற் வசதியுள்ள கொம்மினிக்கேசன் கடை வைத்திருக்கிறாள். பங்குக் கோயில் திருநாள், கலியாணம், செத்தவீடு எல்லாவற்றையும் வெளியிலிருக்கும் சனத்துக்காக ஒரு வெப்சைற்றில் போடுகிறாள். முதல் கணவன் டிலோனோடு சேர்ந்து தொடங்கியது. 2006இல் டிலோன் கடலுக்குப் போனான். எழுவைதீவுப் பக்கம் வள்ளம் மட்டும் கவிழ்ந்து கிடந்தது. மரணச் சான்றிதழும் எடுத்தாயிற்று. இப்போது 2009 புரட்டாதி. சண்டை முடிந்து சில மாதங்கள்.

“முதலாம் ஓலை வாசிச்ச கிழமையிலிருந்து, வெப்சைற்றுக்கு இடம் தந்த கொம்பனியிட்டையிருந்து எச்சரிக்கை மெயில் வருது. சேர்வர் பதில் சொல்லப் பிந்துதாம். திருத்தாட்டி நிப்பாட்டுவினமாம்.”

“சேமிச்ச பக்கம் குடுக்கிற முறை போடேல்லையோ, அக்கா?” என்றாள் கஜாலினி.

“போட்டிருக்கு. நான் திறந்தால் கொஞ்சம் இழுக்கும். ஆனா மற்றச் சனத்துக்கு உடனை வருது.”

“தமிழிலை சொல்லும் பிள்ளை,” என்றார் ஆழ்வாப்பிள்ளை.

“வடைக்கடை மாதிரி, மாமா. பொரிச்சுக் கண்ணாடிப் பெட்டியிலை அடுக்கினதை வாறவைக்கு எடுத்துக் குடுத்தால் சுணக்கமில்லை. ஆனா பாஸ்வேட் போட்டு உள்ளுக்கு வாற ஆளுக்குப் பெட்டியிலை இருக்கிறதைக் குடுக்கேலாது. ஏனெண்டால் அவருக்கு வெளியிடாத செய்தியும் தெரியோணும். அவருக்கெண்டு மாவரைச்சுப் பொரிக்கோணும். பெரிய பக்கமெண்டால் அடுப்பே திணறும்.”

“அப்ப திணற வைக்கிறவர் பாஸ்வேட் உள்ள ஆள். ஆரார்?”

“நான். ஜெகதீஸ். மற்றது...” ஜெனீற்றா ஒரு கணம் நின்றாள். “டிலோன். அந்தப் பேரை அழிக்க மனம் வரேல்லை, ஐயா. டிலோன்ரை மரண அறிவித்தல்தான் அதிலை ஆகப் பெரிய பக்கம். அனுதாபம் எழுதினவையே ஆயிரம் பேருக்கு மேலை. ஜெகதீஸ் அதைக் கிண்டிக் கொண்டிருக்கிறாரோ எண்டு பயமாக் கிடக்கு. செத்தவரிலை எரிச்சல் படுற மனிசனோடை நான் எப்பிடிச் சீவிக்கிறது?”

“உள்ளுக்கு வந்தது ஆரெண்ட பதிவு இருக்குமே?” என்றாள் கஜாலினி.

“கேட்டனான். எங்கடை மலிவுத் திட்டத்துக்கு அது தரமாட்டினமாம்.”

கஜாலினி அவளிடம் மெயிலின் கடவுச்சொல் வாங்கி, தன் மடிக்கணினியில் எச்சரிக்கை மெயில்களைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் நெற்றியைச் சுருக்கினாள்.

“வடிவான ஒழுங்கு, மாமா. செவ்வாய், வியாழன், வெள்ளி, ஞாயிறு பின்னேரங்களிலைதான் வந்திருக்கு. திங்கள், புதன், சனியிலை ஒண்டுகூட இல்லை!”

ஆழ்வாப்பிள்ளை எழுந்து சட்டையை மாட்டினார். “இண்டைக்குப் புதன்தானே? வாங்கோ, மாப்பிள்ளையைப் பாப்பம்.”

*

இறங்குதுறைக்கு அருகே ஜெகதீஸ் நைலோன் வலையை விரித்துப் பொத்திக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு மாடு புகுந்து போகக்கூடிய ஓட்டை.

“என்ன தம்பி, கடலுக்குப் போகேல்லையோ?”

“புதனெல்லே, ஐயா! இந்தியன் இழுவைப்படகு, அந்த றோலர் வாற நாள். போன சனி ஒரு விசர் வேலை பாத்தனான். வரமாட்டாங்கள் எண்டு நினைச்சு வலை விட்டன். பாருங்கோ கோலத்தை.” அவன் ஓட்டைக்குள் கையை விட்டு ஆட்டிக் காட்டினான். “திங்கள், புதன், சனி அவங்கள் வெளிக்கிட்டு அடுத்த நாள் விடியக் கரை சேருவாங்கள். அந்த மூண்டு நாளும் நாங்கள் கரையிலை. மிச்ச நாள் கடலிலை.”

“வெப்சைற் பாக்கிறனீரோ?”

“நானோ?” ஜெகதீஸ் சிரித்தான். “அவ தந்த பாஸ்வேட்டை நான் பாவிச்சதே இல்லை. மீன் நாத்தக் கையோடை கீபோட்டைத் தொட்டால் கொல்லுவா.”

திரும்பி நடக்கையில் கஜாலினியின் முகம் தொங்கிப்போயிருந்தது. “ஆளைப் பிடிச்சிட்டம் எண்டு நினைச்சன். எச்சரிக்கை வாற நாளெல்லாம் ஆள் நடுக்கடலிலை!”

ஆழ்வாப்பிள்ளை இறங்குதுறை முனையில் நின்று மேற்கே கடலை வெகுநேரம் பார்த்தார். வழக்கமாக ஒரு வழக்கு முடிகிறபோது அவர் வெற்றிலைக்குக் கை நீட்டுவார். அன்று நீட்டவில்லை.

“ஜெகதீசையும் கடைக்கு வரச்சொல்லு,” என்றார்.

*

ஜெனீற்றாவின் கடைக் கதவு சாத்தப்பட்டது. மூவரும் அவரையே பார்த்தார்கள்.

“ஜெனீற்றா, உமக்கு வேண்டிய மறுமொழி முதலிலை. இவர் இல்லை. இவர் கரையிலை நிக்கிற நாளிலை எச்சரிக்கை வரேல்லை. கடலிலை நிக்கிற நாளிலைதான் வந்திருக்கு.”

ஜெகதீஸ் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். “என்னையோ சந்தேகப்பட்டனீர்?”

அவள் தலை குனிந்தாள்.

“இதோடை நான் நிப்பாட்டலாம்,” என்றார் ஆழ்வாப்பிள்ளை. “மிச்சத்தையும் சொன்னால் உங்கள் ரெண்டு பேருக்கும் நித்திரை இல்லாமல் போகும். சொல்லட்டோ?”

“சொல்லுங்கோ ஐயா.” அவள் குரல் இறங்கியிருந்தது.

“எங்கடை ஆக்கள் கரையிலை நிக்கேக்கை கடலிலை நிக்கிறான் ஒருத்தன். எங்கடை ஆக்கள் கடலுக்குப் போகேக்கை கரையிலை நிண்டு உம்மடை வெப்சைற்றைத் திறக்கிறான். அந்த மூண்டு நாளும் ஆரின்ரை நாள் எண்டு இவர்தான் எனக்குச் சொன்னவர். அவன் றோலரிலை தொழில் செய்யிறான். இக்கரையிலை இல்லை, அக்கரையிலை.”

“இந்தியாக்காரனுக்கு என்ரை பாஸ்வேட் எப்பிடி...”

“மூண்டாவது பாஸ்வேட் ஒருத்தருக்கும் குடுபடேல்லை. அதை வைச்சிருந்தவரிட்டையே இருக்கு.”

ஜெனீற்றா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“முந்தியும் பாத்திருப்பான். பாஸ்வேட் போடாமல், எல்லாரையும் போலை. அப்ப தடயமில்லை. முதலாம் ஓலை வாசிச்ச கதை அக்கரை அகதி முகாமுக்குப் போயிருக்கும். கலியாணச் செய்தியை எழுதி வைச்சிட்டீரோ?”

“வைச்சிருக்கிறன். வெளியிடேல்லை.”

“அதைப் பாக்கத்தான் பாஸ்வேட்டோடை வந்திருக்கிறான். வந்த இடத்திலை தன்ரை செத்தவீட்டையும் ஒவ்வொரு முறையும் வாசிச்சிருக்கிறான். 2006இலை அவனைத் தேடி வீட்டுக்கு ஆரும் வந்தவையோ?”

“ரெண்டு தரம். ஆரெண்டு சொல்லேல்லை. நம்பர் இல்லாத வான்.”

“உயிரோடை இருக்கிறானெண்டு தெரிஞ்சால் வானிலை வந்தவை உம்மையெல்லே பிடிச்சு அவன் எங்கையெண்டு கேப்பினம். அதுதான் செத்தமாதிரி அக்கரைக்குப் போய்ச் சத்தமில்லாமல் இருக்கிறான்.”

ஜெகதீஸ் கதிரையிலிருந்து மெல்ல எழுந்தான். “அப்ப, போன சனி என்ரை வலையை...” என்று தொடங்கினான். முடிக்கவில்லை.

“இது என்ரை கணக்கு மட்டும்தான்,” என்றார் ஆழ்வாப்பிள்ளை. “பிழையாகவும் இருக்கலாம். நாளைக்கு வியாழன். பாஸ்வேட் உள்ளவனுக்கு மட்டும் தெரியிற மாதிரி ஒரு கேள்வி எழுதி வையும்.”

அவள் எழுதி, வெளியிடாமல் வைத்தாள். *டிலோன், நீங்களோ?*

*

வியாழன் பின்னேரம் நால்வரும் அதே திரைக்கு முன்னால் இருந்தார்கள். ஜெகதீஸ் அன்று கடலுக்குப் போகவில்லை. கஜாலினி பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழுத்து வந்தது.

திடீரென்று திரை வெள்ளையாகவே நின்றது. எச்சரிக்கை மெயில் வந்து விழுந்தது.

“வந்திட்டார், மாமா,” என்று கிசுகிசுத்தாள்.

பக்கம் ஒருவழியாகத் திறந்தபோது ஜெனீற்றாவின் கேள்விக்குக் கீழே ஒரு வரி இருந்தது.

*ஓலையை நிப்பாட்டாதையும். அவன் நல்லவன்.*

வெளியே யாழ்ப்பாண பஸ் ஹோர்ன் அடித்தது. ஜெகதீஸ் அந்த வரியை இன்னொரு முறை வாசித்தான்.

ஆழ்வாப்பிள்ளைதான் முதலில் பேசினார். “அந்தப் பேரை அழிச்சால் எச்சரிக்கை நிக்கும். சான்றிதழ் கையிலை இருக்கு. இது எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும். நான் ஒருதருக்கும் சொல்ல மாட்டன்.”

“உயிரோடை இருக்கிறவர் சொல்லி நான் விதவையாகேலாது, ஐயா.” ஜெனீற்றா கண்ணைத் துடைக்கவுமில்லை. “கஜாலினி, அந்த அனுதாபங்களைப் பக்கத்திலையிருந்து எடுத்துவிடும். அது இல்லாட்டி இவ்வளவு இழுக்காதெல்லே?”

“இழுக்காது, அக்கா.”

“பாஸ்வேட்டைத் தொடவேண்டாம்.”

அவள் ஜெகதீசின் பக்கம் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு நேரம் எடுத்தது.

“பங்குச் சுவாமியார் இப்ப கோயிலிலை நிப்பாரோ? மூண்டாம் ஓலை வாசிக்க வேண்டாமெண்டு சொல்லோணும்.”

ஜெகதீஸ் மோட்டார்சைக்கிள் திறப்பைக் கையில் எடுத்து ஒருமுறை பொத்திப் பிடித்தான்.

“நிப்பார்,” என்றான். “வாரும், நான் கொண்டுபோய் விடுறன்.”