கத்தி இல்லீங்க, கருக்கருவா!

"டர்ர்ர்..."

அம்சவல்லியின் தோள்பை கிழிந்த சத்தம் அது. அவள் திரும்புவதற்குள் உள்ளே இருந்த தடிப் புத்தகம் நழுவி, பஸ்ஸுக்குள் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் தொப்பென்று விழுந்தது.

"ஐயய்யோ... புக்கு!"

1991-ஆம் வருஷத்து ஐப்பசி மழை. பூந்தமல்லியில் ஏறிய கூட்டத்தில் காலை ஊன்றவே இடமில்லை. அவளுக்குப் பின்னால் ஒருவன் கோணிப்பையை அணைத்தபடி நின்றிருந்தான். கோணியைக் குத்திக்கொண்டு ஒரு வளைந்த இரும்பு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க இது? பஸ்ல கத்தி எடுத்துக்கினு வர்றீங்க?"

மன்னிப்புக் கேட்கத்தான் அவன் வாயைத் திறந்தான். கத்தி என்று காதில் விழுந்ததும் முகம் மாறிவிட்டது.

"கத்தி இல்லீங்க... கருக்கருவா!"

"பையைக் கிழிச்சதும் இல்லாம, பேரு வேற சொல்லித் தர்றீங்களா?"

"பயிர் அறுக்கிறதுங்க. பல்லு பல்லா கீது பாருங்க. கத்திக்கு ஏதுங்க பல்லு?"

அடடா, இப்படியும் ஒரு மனுஷன்! ஆனால் அந்தக் கண்கள்... இமை நுனியில் மழைத்துளி நிற்க, சண்டை போடும்போதும் சிரிப்பை மறைக்கத் தெரியாத கண்கள். அவள் இரண்டாம் தடவையும் பார்த்தாள். கேட்டால் இல்லவே இல்லை என்று சாதிப்பாள், அது வேறு விஷயம். அவன் குனிந்து புத்தகத்தை எடுத்து, தன் வெள்ளைச் சட்டையாலேயே துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினான். 'சட்டை பாழாப்போச்சே' என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அவன் சட்டை பாழானால் இவளுக்கென்ன?

ஸ்ரீபெரும்புதூரில் ஆடிட்டர் வெங்கடேசனின் அலுவலகத்தில் அவள் சேர்ந்து நாலே மாதம். பி.காம். படித்தவள்தான். ஆனால் வரிச் சட்டத்தில் ஒரு சந்தேகம் வந்தால் எந்தப் புத்தகத்தை எடுப்பது, எங்கிருந்து தேடுவது என்று இப்போதுதான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்தாள். அலுவலகத்து விற்பனை வரிப் புத்தகத்தை மெட்ராஸில் பைண்டு செய்து வாங்கிவந்த அன்றைக்குத்தான் இந்தக் கூத்து.

மறுநாள் காலை அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றவனைப் பார்த்து அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனேதான்! இன்றைக்குக் கையில் கோணி இல்லை. ஒரு நோட்டீஸ் இருந்தது.

பேர் பகலவன். வல்லத்தில் சின்னதாய் ஒரு அரிவாள் பட்டறை வைத்திருந்தான். நாலு பேர் வேலை செய்தார்கள். மூன்று வருஷமாய் விற்ற சரக்குக்கு ஏன் வரி கட்டவில்லை, பத்து நாளில் பதில் சொல் என்று நோட்டீஸ் வந்திருந்தது.

"கட்டித்தான் ஆவணும்னா பட்டறையத்தான் விக்கணும்ங்க," என்றான். நேற்றைய சிரிப்பு அந்தக் கண்களில் இல்லை. அவளுக்கு என்னவோ செய்தது.

அவனுடைய பில் புத்தகத்தைப் புரட்டினாள். இங்கிலீஷில், கொட்டை எழுத்தில், 'ஸ்டீல் நைஃப்' என்று அச்சடித்திருந்தது!

"கத்தி இல்லன்னு அந்தச் சண்டை போட்டீங்க. உங்க பில்லே கத்தின்னுதான சொல்லுது?"

"கருக்கருவாவுக்கு இங்கிலீஷ்ல இன்னான்னு எனக்கும் தெரியல, பிரஸ்காரருக்கும் தெரியலங்க. தமிழ்ல போட்டா கடைக்காரங்க மதிக்க மாட்டாங்களேன்னு..." என்று தலையைச் சொறிந்தான்.

ஆடிட்டர் காஞ்சிபுரத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், "நீயே தேடிப் பாரும்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவளும் தேடினாள். வரி அட்டவணையில் கிடைத்தும் விட்டது. 'கையால் இயக்கும் விவசாயக் கருவிகளுக்கு வரி இல்லை.' கண்டுபிடித்த பெருமையில் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் அவன் வந்தபோது, "வரியே கிடையாது! போயி நிம்மதியா தூங்குங்க," என்றாள். அவன் முகம் மலர்ந்த அழகு இருக்கிறதே... அன்று ராத்திரி தூங்காதது அவள்தான்.

அந்தச் சந்தோஷத்துக்கு ரெண்டே நாள்தான் ஆயுசு.

சட்டத்தில் திருத்தம் வரும்போதெல்லாம் ஒரு சீட்டு அச்சாகி வரும். அதை அந்தந்தப் பக்கத்தில் ஒட்டிவைப்பது வழக்கம். பஸ்ஸில் நனைந்த புத்தகத்தில் பசை ஊறி, ஒரு சீட்டு பக்கத்துத் தாளோடு ஒட்டிப்போயிருந்தது. மூன்றாம் நாள் காய்ந்து பிரிந்தது. அதில் ரெண்டே வார்த்தை: 'கத்திகள் நீங்கலாக.'

அவன் பில்லில் இருப்பதோ 'நைஃப்'. அப்படியானால் வரி உண்டு! ஆடிட்டரை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தானே வல்லத்துக்குப் போனாள்.

வயலுக்கு நடுவே தகரக் கொட்டகை. உலைக்குப் பக்கத்தில் நின்றவன் அவளைக் கண்டதும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வாள், பாவம்!

"நான் சொன்னது தப்புங்க..." என்று பக்கத்தை விரித்துக் காட்டினாள்.

வேலைக்காரர் நாலு பேரும் சுத்தியலைக் கீழே வைத்தார்கள்.

"எல்லாருக்கும் ஸ்வீட்டு வாங்கிக் குடுத்துட்டேங்க," என்றான் மெதுவாக. "அன்னிக்கி இல்லன்னீங்க, இன்னிக்கி கீதுன்றீங்க. நீங்க எழுதிப் பழகறதுக்கு நாங்க இன்னா சிலேட்டா?"

அவள் புத்தகத்தை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். மழையிலேயே நடந்து பஸ் ஏறினாள். ஏறின பிறகு அழுதாள்.

அழுது முடித்ததும் ரோஷம் வந்தது. மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தாள். அட்டவணை, திருத்தம், அரசாணை, அப்புறம் தீர்ப்புத் தொகுதிகள். கத்தி என்று தேடினாள், ஒன்றுமில்லை. அரிவாள் என்று தேடினாள், அதுவும் இல்லை. கடைசியில் 'சொல்லுக்குப் பொருள்' என்ற தலைப்பில் ஒரு பழைய தீர்ப்பு அகப்பட்டது. ஒரு பொருள் என்ன பொருள் என்பதற்கு அகராதியைப் பார்க்காதே, பில்லில் அச்சடித்ததையும் நம்பாதே. அதை வாங்குகிறவரும் விற்கிறவரும் என்ன பேர் சொல்கிறார்களோ, அதுதான் அது!

மறுநாளே ஒரு கருக்கரிவாளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு மணிமங்கலத்து இரும்புக் கடையில் போய் நின்றாள். வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, "இதுக்கு இன்னாங்க பேரு?" என்று கேட்டு எழுதி வாங்கினாள். மாட்டுக்குப் புல் அறுக்கும் சந்திரம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"இத்தப் போயி கத்தின்னு எவன் சொன்னான்? இத்த வச்சி வெங்காயம் அரிஞ்சி காட்டச் சொல்லு, பாப்பம்!"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கடைக்குச் சரக்குப் போட வந்த பகலவன்! தலையிலிருந்து தண்ணீர் சொட்ட அவள் நிற்கும் கோலத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தப் பக்கத்துல ஈரக் கறை பாத்தேன்... பஸ்ல உழுந்த புக்குதான அது?"

"ம்..."

"அப்ப தப்பு என்னுதுங்க. அன்னிக்கே ஏன் சொல்லல?"

"ஒட்டிக்கினு இருந்தாலும் பிரிச்சிப் பாத்திருக்கணும். அது என் வேலை."

அவன் குடையை விரித்து முக்கால்வாசி அவள் பக்கம் பிடித்தான். அன்றைக்கு ஏழு கடை ஏறி இறங்கினார்கள். அவனுடைய ஒரு பக்கத்துச் சட்டை மட்டும் கடைசிவரை நனைந்துகொண்டே வந்தது. அதற்கப்புறம் கடிதங்களைச் சரிபார்க்க, பில்களைப் பிரிக்க என்று அவள் தினமும் பட்டறைக்குப் போகவேண்டி வந்தது.

பத்தாம் நாள். வரி அதிகாரி தீர்ப்பைப் படித்தார். கடிதங்களை ஒவ்வொன்றாய்ப் புரட்டினார். சந்திரம்மாள் கைநாட்டு வைத்த காகிதத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அரிவாளை வாங்கி அதன் பல்லை விரலால் தடவிப் பார்த்தவர், விவசாயக் கருவிதான், வரி கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பட்டறை பிழைத்தது! ஆனால் வெளியே வந்த ரெண்டு பேர் முகத்திலும் அந்தக் களை இல்லை. வராந்தாவில் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள்.

"இனிமே உங்க ஆபீசுக்கு வர்றதுக்கு எனக்கு ஒரு சாக்கும் இல்லீங்க," என்றான் அவன்.

"பில் புக்கு மாத்தணுமே..."

"ஒரு நாள் வேலைங்க அது."

அவன் தொண்டையைச் செருமினான்.

"பட்டறையில உங்கள இன்னான்னு சொல்றாங்க தெரியுமா? 'அண்ணி எப்ப வருவாங்க'ன்னு உலை ஊதுற யாக்கோபு காலையிலேர்ந்து கேட்டுக்கினு கீறான். நானும் நாலஞ்சு நாளா காதுல வாங்கிக்கினுதான் கீறேன்... ஒரு தபாகூட திருத்தலங்க."

அவளுக்குக் காது மடல்வரை சுட்டது.

"ஏன் திருத்தல?"

"மனசு வரல. எனக்கு உங்களப் புடிச்சிருக்குங்க... ரொம்ப."

அம்சவல்லி தலை நிமிரவில்லை. துப்பட்டா நுனி விரலில் சுற்றிச் சுற்றி இறுகியது.

"எங்கம்மாவும் கேட்டாங்க... தினம் யாரப் பாக்க வல்லத்துக்கு ஓடறேன்னு. 'ஆபீஸ் பார்ட்டி'ன்னு சொல்லிட்டேன்."

"சரிதானங்க..." அவன் குரல் உள்ளே போய்விட்டது.

"சரியில்ல! பொய்யி அது!" என்று நிமிர்ந்தவளின் கண்கள் நிறைந்திருந்தன. "இன்னிக்கி வூட்டுக்குப் போயி நெசத்தச் சொல்லப் போறேன். எனக்குத் தனியா சொல்ல பயமா கீது... நீங்களும் கூட வர்றீங்களா?"