செந்நண்டைக் காணோம்

வரிசை நகரவே இல்லை.

நூரீன் எட்டிப் பார்த்தாள். முன்னால் இன்னும் நிறையப் பேர். அவர்களுக்கு அப்பால், மேசைக்குப் பின்னால், சுமலதா உட்கார்ந்திருந்தார். செந்நண்டு காமிக்ஸை வரைபவர். ஒவ்வொருவர் புத்தகத்திலும் நிதானமாக ஒரு நண்டு வரைந்து, கீழே கையெழுத்துப் போட்டார். மதியம் அவர் சென்னைக்குக் கிளம்பிவிடுவார் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள்.

செந்நண்டின் எல்லாப் புத்தகங்களும் நூரீனிடம் இருந்தன. அதிகம் படித்துக் கிழிந்துபோனதைத்தான் கையெழுத்துக்கு எடுத்து வந்திருந்தாள்.

"அக்கா, போலாம்."

தம்பி ஸாகிப் சட்டையை இழுத்தான். ஆறு வயது. முகத்தில் சிவப்பு அட்டை முகமூடி. காமிக்ஸ் விழாவுக்கு வந்த சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாசலில் அதைக் கொடுத்திருந்தார்கள். மண்டபம் முழுக்கக் குட்டிச் செந்நண்டுகள் ஓடின.

"சும்மா இருடா."

"கால் வலிக்குது."

"நண்டுக்குத்தான் நெறைய கால் இருக்கே. வேற கால்ல நில்லு."

"எனக்கு அம்மா வேணும்."

அம்மா சலீமா மாடியில் இருந்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியும். பிரெஞ்சு காமிக்ஸ் கடையில் இன்று அவருக்கு வேலை. கடையின் பலகையில் பெரிதாக இரண்டு எழுத்துகள்: பி, டி. படக்கதையைப் பிரெஞ்சில் அப்படித்தான் சுருக்கி எழுதுவார்கள். 'பேதே' என்று சொல்ல வேண்டும்.

அம்மா காலையிலேயே சொல்லிக் கொடுத்தார்.

"பேதின்னு கேக்குதும்மா" என்று நூரீன் சிரித்தாள். அதன் பிறகும் பி.டி. என்றுதான் சொன்னாள்.

ஸாகிப் மறுபடி இழுத்தான். புத்தகம் கைதவறிக் கீழே விழுந்தது.

"போடா!" என்றாள் நூரீன். "அம்மா பி.டி.ல இருக்காங்க. யாரையாவது கேளு, காட்டுவாங்க. போ!"

ஸாகிப் போய்விட்டான்.

வரிசை நகர ஆரம்பித்தது. அவளுக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தபோது அம்மா வந்தார்.

"ஸாகிப் எங்க?"

"உங்ககிட்டதானே வந்தான்?"

"எங்கிட்ட யாரும் வரலியே."

அம்மாவின் முகம் மாறியது. அடுத்த நொடி அவர் கூட்டத்துக்குள் ஓடினார்.

நூரீன் மேசையைப் பார்த்தாள். சுமலதா பேனாவை மூடித் திறந்தார். நூரீன் வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"போனா இடம் போயிடும்" என்றான் பின்னால் நின்ற அண்ணன்.

"போகட்டும்."

எதிரில் வந்த முதல் நண்டின் முகமூடியைத் தூக்கினாள். ஸாகிப் இல்லை. அடுத்தது, ஒரு சிறுமி. அதற்கடுத்த நண்டு அவள் கையைத் தட்டிவிட்டது. எல்லா முகமூடியும் ஒரே சிவப்பு. எல்லோரும் ஒரே உயரம்.

ஒலிபெருக்கி அழைத்தது. "ஸாகிப் என்ற சிறுவன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்."

யாரும் வரவில்லை.

கழிவறைப் பக்கமிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "ஸாகிப்! ஸாகிப்!" அம்மாவின் அப்படியொரு குரலை நூரீன் இதுவரை கேட்டதில்லை.

அவளும் ஓடத்தான் நினைத்தாள். ஆனால் எந்தப் பக்கம்? மாடிப்படியில் நின்றாள். அவனிடம் நான் என்ன சொன்னேன்? சொன்னதை முணுமுணுத்துப் பார்த்தாள். அம்மா பி.டி.ல இருக்காங்க. யாரையாவது கேளு.

ஸாகிப் எப்படிக் கேட்டிருப்பான்? அவனைப் போல வேகமாகச் சொன்னாள்.

பி.டி. பீடி!

வாசலுக்கு ஓடினாள். காவலாளி தெய்வசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள், பீடி எங்க இருக்கு?"

அவர் எழுந்தே விட்டார். "என்னம்மா இது! இன்னிக்கு எல்லாப் புள்ளைங்களும் பீடி கேக்குறீங்க?"

"வேற யாரு கேட்டா?"

"ஒரு நண்டு கேட்டுச்சு. எதுக்குடான்னா, அம்மா அங்க இருக்காங்கன்னான். முக்குப் பெட்டிக்கடையில கேளுன்னேன்..." அவர் குரல் இறங்கியது. "ஏம்மா, அந்தப் புள்ளையா காணோம்?"

"எங்க அம்மாகிட்ட சொல்லுங்க!"

தெருவில் வெயிலில் கண் கூசியது. ஸ்கூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. இதையெல்லாம் தாண்டியா தனியாகப் போனான்? நூரீன் தெருவை ஒட்டியே ஓடினாள்.

முக்கில் பெட்டிக்கடை. உள்ளே, சோடாப் பெட்டியின் மேல், ஒரு செந்நண்டு உட்கார்ந்திருந்தது.

"ஸாகிப்!"

கடைக்கார அம்மா செல்வாம்பாள் குறுக்கே கையை நீட்டினார். "நில்லு. நீ யாரு?"

"அவன் அக்கா."

"உன்ன யாரு அனுப்பினா? பேரு கேட்டா நண்டுங்குறான். அம்மா எங்கடான்னா பீடிலங்குறான். சின்னப் புள்ளைய பீடி வாங்க அனுப்புன மூஞ்சி எதுன்னு பாக்கணும்னுதான் உக்கார வச்சிருக்கேன். போலீசுக்கும் சொல்லியாச்சு." அவர் திரும்பினார். "தம்பி, இவ உன் அக்காவா?"

முகமூடி இடமும் வலமும் அசைந்தது.

"இல்ல."

"ஸாகிப்!"

"எங்க அக்கா என்னப் போடான்னு சொல்லிட்டா."

செல்வாம்பாளின் கை இறங்கவில்லை. நூரீன் தரையில் மண்டியிட்டாள். இப்போது முகமூடியின் கண்கள் அவள் கண்களுக்கு நேராக இருந்தன.

"சொன்னேன்" என்றாள். "சொல்லியிருக்கக் கூடாது. வழியும் தப்பாச் சொல்லிட்டேன். நீ சரியாத்தான் கேட்டுட்டு வந்த."

முகமூடி யோசித்தது.

"இது பீடி இல்லியா?"

"இதுவும் பீடிதான்."

"ரெண்டு இருக்கா?"

"ரெண்டு இருக்கு. அம்மா மாடியில இருக்கிற பி.டி."

ஸாகிப் முகமூடியைக் கழற்றினான். முகம் முழுக்க நனைந்திருந்தது. அப்படியே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"மாடியில வேறயா?" என்றார் செல்வாம்பாள். "என்ன குடும்பமோ! நட, நானே வந்து வுட்டுட்டு வர்றேன். உங்க அம்மாவ நானும் பாக்கணும்."

வழியிலேயே அம்மா எதிரே ஓடி வந்தார். ஸாகிப்பைத் தூக்கினார். அவன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். செல்வாம்பாள் கேட்க வந்ததை அப்படியே விட்டுவிட்டார்.

மண்டபத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். அறிவிப்பாளர் மைக்கை ஸாகிப்பின் வாயருகே நீட்டினார்.

"எங்க போயிருந்தீங்க தம்பி?"

"பீடிக்கு."

ஸாகிப் மைக்கை இன்னும் அருகில் இழுத்தான்.

"ஆனா அங்க எங்க அம்மா இல்ல."

சிரிப்பு மாடி வரைக்கும் கேட்டது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "யா அல்லாஹ்" என்ற முனகல் மட்டும் வெளியே வந்தது. செல்வாம்பாள்தான் முன்னால் வந்து, "அது பீடி இல்லீங்க, இங்கிலீஷ் பீடி" என்று எல்லோருக்கும் விளக்கினார்.

நூரீன் கூட்டத்தைத் தாண்டிப் பார்த்தாள். வரிசை இல்லை. சுமலதாவின் நாற்காலி காலியாக இருந்தது. யாரோ மேசைவிரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஸாகிப் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தான்.

"நண்டு வாங்கலியாக்கா?"

"இல்ல."

"ஏன்?"

"நேரமில்ல."

நூரீன் மறுபடி அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"அக்கா, ரொம்ப இறுக்குற."

நூரீன் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள். விடவில்லை.