பூட்டம்மாவுக்கு யார் எமன்?

ஃபோன் அலறியது.

எடுத்தவர் இன்ஸ்பெக்டர். ஊரே அவரை மீசை என்றுதான் சொல்லும். மீசை முதலில் வரும்... அவர் பின்னால் வருவார்.

"சார், என்னைக் கொஞ்சம் கொஞ்சமா கொன்னுட்டிருக்காங்க."

"யாரும்மா?"

"அது தெரிஞ்சா உங்களை எதுக்குக் கூப்பிடறேன்? நானே தீர்த்துக் கட்டியிருப்பேனே."

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பேசியது பூட்டுக்கடை முதலாளியம்மா. சுருக்கமாய், பூட்டம்மா.

மீசை ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அங்கே கட்டிலே ஆடிக்கொண்டிருந்தது... அவள் இதயம் அடித்த அடியில்! யானையாட்டம் இருந்தவள் துடைப்பக்குச்சியாய் இளைத்திருந்தாள். ஏ.சி. அறையில் வேர்வை ஆறாய் ஓடியது. விரல் நடுக்கத்தில் கையிலிருந்த தம்ளர் தாளம் போட்டது.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையை விளக்கினார். பூட்டம்மாவுக்குத் தைராய்டு சுரப்பு குறைவு. அதற்குத் தினம் ஒரு மாத்திரை. ஆனால் உடம்பில் ஏறியிருப்பதோ அதைப்போல் பல மடங்கு. இன்னும் கொஞ்சம் ஏறினால் இதயம் தாங்காது.

"மாத்திரை யார் குடுக்கறது?"

"மாப்பிள்ளைதான். வேற யார் குடுத்தாலும் துப்பிடுவேன். அவர் நீட்டினா மட்டும் மறுக்க முடியல."

ஆஹா!

கடை எப்போது கைக்கு வரும் என்று காத்திருக்கும் மாப்பிள்ளை, வராந்தாவில் நல்லபிள்ளையாய் நின்றிருந்தான். மீசை அவன் பைக்குள் கைவிட்டார்.

ஒரு டப்பா.

டாக்டரம்மா ஒரு மாத்திரையை உடைத்தார். நாக்கில் வைத்தார். புருவம் ஏறியது.

"இது தைராய்டு மாத்திரையே இல்ல. வெறும் சர்க்கரை வில்லை."

மீசை அவனை அறைக்குள் இழுத்து வந்து, சட்டையைப் பிடித்து ஒரே உலுக்கு. எல்லாம் கொட்டியது. மாத்திரை நின்றால் மாமியார் மெல்லப் படுத்துவிடுவாள், கத்தி வேண்டாம், ரத்தம் வேண்டாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

"ஆனா சார், படுக்க வேண்டியவங்க துள்ளிக்கிட்டு நிக்கறாங்க. எனக்கே ஒண்ணும் புரியல," என்று அழுதான்.

அப்படியானால்... அவ்வளவு மருந்தும் உள்ளே போனது எப்படி?

கட்டிலைச் சுற்றியிருந்த குடும்பத்தில் மகள்தான் முதலில் விசும்பினாள். புருஷனை நம்பாமல், தினமும் காலையில் அம்மாவின் காபியில் ஒரு மாத்திரையை அவள்தான் பொடித்துக் கலந்தாளாம்.

பூட்டம்மாவின் கணவர் துள்ளி எழுந்தார். "நீயுமாடி? நான் ஜூஸ்ல போட்டுட்டிருந்தேனே..."

"கஞ்சியில நான்," என்றான் மகன், தரையைப் பார்த்தபடி.

பூட்டுக்கடைக் குடும்பம் அல்லவா! ஒருவர் பூட்டினால் இன்னொருவர் இழுத்துப் பார்ப்பார். அவர் சரியாக இழுத்தாரா என்று மூன்றாமவர் தொங்கியே பார்ப்பார். மாத்திரைக்கு மட்டும் தனி வழக்கமா என்ன?

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "நாலாவதா மாப்பிள்ளை குடுத்ததும் நிஜ மாத்திரையா இருந்திருந்தா, இந்நேரம் மார்ச்சுவரி வாசல்ல நின்னிருப்பீங்க."

மீசை விலங்கை எடுத்தார். பூட்டம்மா நடுங்கும் கையால் தடுத்தாள்.

"அவரை விடுங்க சார். கொல்ல நினைச்ச மனுஷனாலதான் உசிரோட இருக்கேன். என்மேல பாசமா இருக்கிற அந்த மூணு பேரை முதல்ல உள்ள தள்ளுங்க... பயமா இருக்கு."